மேடையில் பேஸ் மாடலர்: வீட்டில் இனித்தது பந்தலில் ஏன் கும்முகிறது?

உங்கள் கேள்வி இது: சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறீர்கள். ஆம்ப் சுமக்க முடியாமல், ஆம்பின் ஒலியைப் போலச் செய்து தரும் டிஜிட்டல் மாடலர் என்ற சிறு கருவியை வாங்கினீர்கள். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அருமை. அம்மாப்பேட்டைப் பக்கம் ஆடித் திருவிழா மேடையில் அதே பேட்ச்சை (மாடலரில் சேமித்த ஒலி அமைப்பை) போட்டால் கும்மென்று ஒரே முழக்கம், எந்த ஸ்வரம் என்றே பிரியவில்லை. மைக்செட் அண்ணன் குறைத்துவிடுகிறார், அதன் பிறகு பேஸே கேட்பதில்லை. அடுத்து ஏற்காட்டில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலரிலும் குறையில்லை, மைக்செட்காரரிடமும் குறையில்லை. பேட்ச் உருவான இடம்தான் தவறு. நம் காது மெல்லிய சத்தத்தில் கீழ்ஸ்தாயியை மிகக் குறைவாகவே உணரும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. படுக்கையறை அளவிலிருந்து மேடை அளவுக்குச் சத்தம் ஏறும்போது, 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) பகுதி மற்றவற்றோடு ஒப்பிட 10 டெசிபலுக்கும் மேல் தூக்கலாகக் காதில் விழும். வீட்டில் நிறைவாகக் கேட்க வேண்டும் என்று பேஸ் குமிழை ஏற்றி, நடுப்பகுதியைக் குழித்து ஒரு பேட்ச் செய்திருப்பீர்கள். பந்தலில் 18 அங்குல சப் (கீழ்ஸ்தாயிக்கான ஸ்பீக்கர்) பெட்டிகள் வழியாக வரும்போது அந்த ஏற்றம் அத்தனையும் பல மடங்காகிறது. பேஸை அடையாளம் காட்டும் நடுப்பகுதியோ குழிக்குள் கிடக்கிறது. அண்ணன் மிக்ஸரில் சத்தம் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் கும்மல் போகும், கூடவே ஸ்வரமும் போகும். அவருக்கு வேறு வழியில்லை.

ஆகவே பேட்ச்சை உரத்த சத்தத்தில், பெட்டி வழியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். பயிற்சி அறையில் 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால் போதும். அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்தாலும் சரி. பக்கத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கு வையுங்கள். போனில் டெசிபல் அளக்கும் செயலி வைத்திருந்தால் அதில் 'சி' எடை (C weighting) என்ற அளவுமுறையைப் போடுங்கள். 'ஏ' எடை 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் அளவுக்குக் குறைத்துக் காட்டும், பேஸுக்கு அது உதவாது.

பேட்ச்சைக் கட்டும் முறை

காலியான பேட்ச்சிலிருந்து தொடங்குங்கள். கம்பெனி போட்டுத் தரும் பேட்ச்கள் கடையில் ஹெட்போனில் கேட்பவரை மயக்குவதற்காகச் செய்தவை. அவற்றைத் திருத்துவதைவிடப் புதிதாகச் செய்வது சீக்கிரம் முடியும்.

பேட்ச்சின் முதல் கட்டம் ஹை பாஸ் ஃபில்டர், அதாவது ஓர் எல்லைக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது. நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியில் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இசை எதுவும் இல்லை. கை கம்பியில் படும் தட்டல், மேடைப் பலகை அதிர்வு இவைதான். ஆனால் அவைதான் ஆம்ப்ளிஃபயரின் சக்தியைத் தின்னும், சப் கூம்பை வீணாக ஆட்டும். நான்கு கம்பிக்கு 40, ஐந்து கம்பிக்கு 30 என்று வையுங்கள். கட்டிடத்துக்குள் வாசிக்கும்போது 50 வரைகூட ஏற்றலாம். ஈ கம்பியின் அடித்தளம் கொஞ்சம் மெலியும்தான், ஆனால் அதன் இரு மடங்கு மேல்சுரம் 82 ஹெர்ட்ஸில் முழுசாக இருக்கிறது. காது அதை வைத்தே கீழ்ச்சுரத்தை உணர்ந்துகொள்ளும். உலகமே கொண்டாடும் ஆம்பெக் எஸ்.வி.டி. ஆம்ப் 1969-இல் வந்தது, 300 வாட். அதோடு சேர்த்துப் பேசப்படும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டி மூடிய பெட்டி. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது சரியத் தொடங்கிவிடும். 'கனமான பேஸ்' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 80 முதல் 250 வரைக்குமான விஷயம்தான்.

அடுத்து கம்ப்ரெஸர், அதாவது சத்தம் எல்லை மீறும்போது குறைத்துச் சமப்படுத்துவது. ரேஷியோ (குறைக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (குறைக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்) 100 முதல் 200 வரை. த்ரெஷோல்டை (அது வேலை தொடங்கும் எல்லையை) சாதாரணமாக வாசிக்கும்போது முள் 3, 4 டெசிபல் இறங்கும்படி வையுங்கள், அழுத்தி அடித்தால் 6 வரை போகலாம். அட்டாக்கை 5-க்குக் கீழே இறக்கினால் விரல் கம்பியைத் தொடும் முனை மழுங்கிவிடும், கூட்டத்தில் பேஸ் காணாமல் போகும். ரிலீஸை 50-க்குக் கீழே கொண்டுபோனால் கரகரப்பு வரும். ஈ கம்பியின் ஒரே ஓர் அலைக்கு 24 மில்லி செகண்ட் ஆகிறது. கம்ப்ரெஸர் அந்த அலையின் நடுவிலேயே ஏறி இறங்கத் தொடங்கினால் அலையின் வடிவமே கெட்டுவிடும்.

பிறகு ஆம்ப் மாடல். எது என்பதில் அதிகம் அலைய வேண்டாம். டிரைவ் (ஒலியை உறும வைக்கும் அளவு) மட்டும் முக்கியம்: மென்மையாக வாசித்தால் சுத்தமாகவும், அழுத்தினால் லேசாக உறுமவும் வேண்டும். தனியாகக் கேட்டால் அந்த உறுமல் கொஞ்சம் முரடாகத் தெரியும். தவில், ரிதம் பேட், கீபோர்டு எல்லாம் சேர்ந்ததும் உறுமல் கரைந்துவிடும், பேஸின் வரிசை மட்டும் தெளிவாக நிற்கும். நம் திருவிழாக்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெரு முழுக்கக் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர்களில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே வராது. இரண்டு தெரு தள்ளித் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவருக்கு உங்கள் பேஸ் போய்ச் சேர வேண்டுமானால் மேல்சுரங்கள் இருந்தே ஆக வேண்டும். அவற்றைத் தருவது டிரைவ்தான். டிரைவ் பெடலைத் தனியாகச் சேர்ப்பதானால் பிளெண்டை (சுத்த ஒலியோடு கலக்கும் அளவை) 30 - 40 சதவீதத்தில் நிறுத்துங்கள், கீழ்ப்பகுதி சுத்தமாகவே செல்லட்டும்.

கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) மாடல் அல்லது ஐ.ஆர். (உண்மையான பெட்டியின் ஒலியைப் பதிவு செய்த கோப்பு) அதற்கடுத்து. பேஸுக்கு ஐ.ஆர். நீளம் பொருட்டு. 48 கிலோ ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்பது 21 மில்லி செகண்டுதான், ஈ கம்பியின் ஓர் அலைகூட அதற்குள் அடங்காது. 2048 தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். மேலே 5 கிலோ ஹெர்ட்ஸ் வாக்கில் லோ பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டால் கம்பி உரசும் கீச்சொலி அடங்கும்.

கடைசியில் ஈக்யூ, அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்குவது. இங்கே குறைப்பதுதான் முதல் வேலை. 200 முதல் 250 வரை 2, 3 டெசிபல் குறையுங்கள். மண்டபச் சுவர்கள் சேர்த்துவைக்கும் மந்தம் அங்கேதான் இருக்கிறது. 700 முதல் 900 வரை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். மெல்லிசைக் குழுவில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் கிக் இருக்கும், 80 முதல் 200 வரை தபலாவின் டக்காவும் டோலக்கும் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையும் நெருக்கியடிக்கும். பேஸுக்குக் காலியாக இருக்கும் இடம் 700-க்கு மேல்தான். இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வரிசையை வாயிலேயே முணுமுணுப்பார்கள். அந்த ஓட்டம் காதில் விழாவிட்டால் பாட்டே அரைகுறையாகிவிடும். அதனால்தான் இந்த நடுப்பகுதியைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறேன். கீபோர்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, இடது கையை ஓர் ஆக்டேவ் மேலே வைக்கச் சொல்லுங்கள். எந்த ஈக்யூவும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

கோரஸ், ஸ்டீரியோ டிலே போன்றவற்றை மேடையில் விட்டுவிடுங்கள். எப்படியும் மோனோவில்தான் போகும். இடது, வலது இரண்டும் சேரும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'எல் மோனோ' என்று குறித்த ஒரு துளையிலிருந்து மட்டும் எடுங்கள்.

கேபினெட் எப்போது இருக்கலாம், எப்போது கூடாது

இந்த ஒரு குழப்பத்தால் கெட்டுப்போகும் மேடைகள் ஏராளம். மிக்ஸருக்குப் போகும் வழியில் கேபினெட் மாடல் வேண்டும். மேடையில் பேஸ் ஆம்ப் கிடைத்து, அதில் செருகுவதானால் வேண்டாம். அங்கே உண்மையான கேபினெட் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கேபினெட் சேர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசித்தது போல இருக்கும். அப்படி ஆம்ப் கிடைத்தால் முன்னாலுள்ள இன்புட்டில் செருகாமல், பின்னால் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' அல்லது 'பவர் ஆம்ப் இன்' என்று இருக்கும் துளையில் செருகுங்கள். முன்னால் செருகினால் அந்த ஆம்பின் முன்பகுதியும் டோன் குமிழ்களும் உங்கள் பேட்ச்சின் மேல் இன்னொரு ஆம்பாக ஏறி உட்காரும். மாடலரில் இரண்டு அவுட்புட்டைத் தனித்தனியாக அமைக்க முடிந்தால் ஒன்று கேபினெட்டோடு மிக்ஸருக்கு, இன்னொன்று கேபினெட் இல்லாமல் ஆம்புக்கு.

கேபிள், டி.ஐ. பாக்ஸ், கரண்ட்

சிறிய மாடலர்கள் பலவற்றில் எக்ஸ்.எல்.ஆர். (மைக் கேபிளில் இருப்பது போன்ற இணைப்பு) அவுட்புட் கிடையாது. சாதாரண கிட்டார் கேபிளில் 20 மீட்டர் தள்ளி இருக்கும் மிக்ஸருக்கு இழுத்தால், வழியிலுள்ள சீரியல் செட், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றின் இரைச்சலும் அதில் ஏறும். மாடலரிலிருந்து 3 மீட்டருக்குள் ஒரு பாஸிவ் டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்ப மாற்றும் சின்னப் பெட்டி) வையுங்கள், அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். போகட்டும். மிக்ஸரில் யாராவது 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (மைக்குக்கு மிக்ஸர் அனுப்பும் மின்சாரத்தை) போட்டுவிட்டாலும் டி.ஐ.-இல் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் மாடலரைக் காக்கும். மாடலர் அவுட்புட் 'லைன்' அளவில் இருந்தால் டி.ஐ.-இல் 20 டெசிபல் பேடை (அளவைக் குறைக்கும் பட்டனை) அழுத்துங்கள், இல்லையேல் மாடலரை 'இன்ஸ்ட்ருமென்ட்' அளவுக்கு மாற்றுங்கள். அளவு மீறினால் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் முதலில் கீழ்ஸ்தாயியில்தான் திணறும். ஜி கம்பி சுத்தமாகவும் ஈ கம்பி மட்டும் பிசிறியும் கேட்டால் சந்தேகம் இங்கே விழ வேண்டும்.

பேஸுக்கு ஹம் (கரண்ட் இரைச்சல்) தனிக் கொடுமை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம் இருக்கும் மேடையில் அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால் நொடிக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்கும், சுருதி விலகியது போலத் தோன்றும். ஃபில்டர் போட்டு இதை நீக்க முடியாது, சுரமும் சேர்ந்து போய்விடும். மூலத்திலேயே நிறுத்த வேண்டும். மிக்ஸர் எந்தப் பலகையிலிருந்து கரண்ட் எடுக்கிறதோ அதே பலகையிலிருந்து மாடலருக்கும் எடுங்கள். விளக்குகளும் சீரியல் செட்டும் கரண்டின் வேறு ஃபேஸில் (phase) இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஹம் இருந்தால் டி.ஐ.-இன் கிரவுண்ட் லிஃப்டை (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பைப் பிரிக்கும் சுவிட்சை) தட்டிப் பாருங்கள். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்பும் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) முழுதாக இருக்கும்போது ஹம் ரத்தாகும், ஒன்றை இறக்கினால் வந்துவிடும். ஆனால் இரண்டும் முழுதாக இருந்தால் நடுப்பகுதி கொஞ்சம் குழியும். இரைச்சலான மேடையில் இரண்டையும் முழுதாக வைத்து, இழந்த நடுப்பகுதியை ஈக்யூவில் மீட்டுக்கொள்வதுதான் நல்லது.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள், டேப் ஒட்டி மறைக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் எர்த் கம்பி மண்ணில் அடிக்காமலே விட்டிருப்பார்கள். கை பேஸ் கம்பியில், உதடு மைக்கில், காலுக்குக் கீழே மழை ஈரம்: உயிர் போக இது போதும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையை பேஸின் பிரிட்ஜிலும் (கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகட்டிலும்) தொடுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியாகும் வரை வாசிக்க வேண்டாம். இதில் வெட்கப்படவோ அவசரப்படவோ ஒன்றுமில்லை.

மாடலர் ஒரு சின்னக் கணினி. ஜெனரேட்டர் மாற்றும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்து, திரும்பி எழப் பல நொடிகள் ஆகும். பாட்டு நின்றுவிடும். 600 வி.ஏ. கணினி யு.பி.எஸ். ஒன்றைக் காலடியில் இல்லாமல் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பிழைத்தீர்கள் (பக்கத்தில் வைத்தால் பிக்கப்பில் கிர்ரென்று ஏறும்). இன்டர்நெட் ரவுட்டருக்கு விற்கும் சின்ன யு.பி.எஸ்.-ஐ நேராகச் செருகிவிடாதீர்கள். 9 வோல்ட் என்று போட்டிருந்தாலும் ரவுட்டர் பின்னில் நடுவே பாஸிட்டிவ், பெடல்களில் பெரும்பாலும் நடுவே நெகட்டிவ். ஆம்பியரும் பாருங்கள்: எச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்ற மாடலர்கள் 3 ஆம்பியர் கேட்கும்.

மைக்செட் அண்ணனிடம் கேட்க வேண்டியவை

குழு மொத்தமும் அவர் கையில் இருக்கிறது, ஆகவே சுருக்கமாகவும் மரியாதையாகவும். "அண்ணா, பேஸ் நேரா வருது, ஈக்யூ எல்லாம் நடுவுல வெச்சிருங்க, லோ கட் பட்டன் மட்டும் எடுத்துவிடுங்க, எக்கோ வேண்டாம்." இவ்வளவு போதும். அந்த லோ கட் பட்டன் மைக்குகளுக்காக 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வெட்டுவது. மிக்ஸர் வரிசையில் எல்லாச் சேனலிலும் அழுத்தியே கிடக்கும், உங்கள் ஈ கம்பி அங்கேயே நின்றுவிடும். கெயின் வைக்கும்போது உங்கள் மிக அழுத்தமான பாட்டை வாசித்துக் காட்டுங்கள். அப்போது மென்மையாக வாசித்துவிட்டுக் கச்சேரியில் கையை விட்டால் சிவப்பு விளக்கு எரியும். பேட்ச்களின் அளவையும் முன்கூட்டியே சமப்படுத்துங்கள். தனியாக வாசிக்கும் இடத்துக்கு 2 டெசிபல் ஏற்றம் போதும்.

மேடையில் நின்று பேஸை எடைபோடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர்; அது சப் பெட்டியைச் சுற்றி வளைந்து பின்னாலும் வரும். தெளிவு தரும் மேல்பகுதி முன்னால் மட்டும் போகும். பெட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு எப்போதும் கும்மல்தான் கேட்கும். மாடலரிலுள்ள லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி) எட்டு ஆவர்த்தனம் பதிந்து ஓடவிட்டு, இறங்கிப் போய் முன்னால் கேளுங்கள். லூப்பரின் இடத்தை ஆம்ப் மாடலுக்கு முன்னால் மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து ஈக்யூவைத் திருத்தலாம். நடுவில் மட்டும் கேட்காமல் ஓரங்களிலும் நடந்து பாருங்கள். இடதும் வலதும் சப் வைத்த இடங்களில் நடுவில் பேஸ் குவியும், ஓரத்தில் சில சுரங்கள் மறையும். அதைப் பேட்ச்சால் தீர்க்க முடியாது. இரண்டு சப்பையும் நடுவில் சேர்த்து வைக்க அண்ணன் சம்மதித்தால் தீரும்.

உங்களுக்குக் கேட்க ஒரு காதில் இயர்போன் நல்ல வழி. தரை மானிட்டரில் பேஸ் வேண்டுமானால் 80-க்குக் கீழே வெட்டித் தரச் சொல்லுங்கள். கீழ்ப்பகுதி சப்பிலிருந்து உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏற்காட்டுக்கு

சேலத்துப் பந்தலும் ஏற்காடும் இரண்டு வேறு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் சுவர் இல்லாததால் கீழ்ப்பகுதி தேங்காது, 200-இல் குறைத்ததைப் பாதியாக்கலாம். விடுதி அரங்குக்குள் என்றால் நேர்மாறு. கூரை 4 மீட்டர் உயரம் இருந்தால் தரைக்கும் கூரைக்கும் நடுவில் 43 ஹெர்ட்ஸ் தேங்கி நிற்கும், திறந்த ஈ கம்பியும் அதற்கடுத்த எஃப் சுரமும் மட்டும் பிதுங்கும். ஹை பாஸை 50-க்கு ஏற்றுங்கள். இதற்கெல்லாம் ஒவ்வொரு பேட்ச்சாகத் திருத்த வேண்டாம். எல்லாப் பேட்ச்சுக்கும் பொதுவான குளோபல் ஈக்யூ என்று ஒன்று பெரும்பாலான மாடலர்களில் இருக்கும், இடத்துக்கான திருத்தம் எல்லாம் அங்கே. வீடு திரும்பியதும் அதை மறக்காமல் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

1500 மீட்டர் உயரத்தில் சாயங்காலம் குளிர் இறங்கும்போது உலோகக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூட்டில் திரும்ப இறங்கும். பேஸை மேடையிலேயே அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள், ட்யூனரைப் பேட்ச் மாற்றும் பெடலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூடுபனியில் ஜாக் துளைகளில் ஈரம் படியும், சாக்கெட்டில் இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் தொடுமுனை சுத்தமாகும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பை உருண்டு குமிழ்கள் திரும்பியிருக்கும். கிளம்பும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேட்ச்களைக் கணினியில் சேமித்துவிடுங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று. ஜாக் செருகியபடியே விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், பயணத்தில் கழற்றி வையுங்கள்.

மாடலர் எழவே மறுத்தால் பேஸை நேராக அந்த டி.ஐ. பாக்ஸில் செருகுங்கள், பேடை எடுத்துவிடுங்கள், டோன் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். அண்ணனிடம் 800 பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொல்லிவிட்டு வாசியுங்கள்.